ஒற்றை நிறமிக்கு நிறம் தெரியாது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவை எடுக்க வருகிறவர்கள், மனசுக்குப் பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். வெயில் படுகிற இடத்தில் முந்தானையை விரித்து ஒரு தடவை பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு. கடைக்காரரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "வெளிச்சத்துல பாத்துக்குங்கம்மா" என்று அவரே சொல்வார். உள்ளே விளக்கடியில் கனிந்த மாம்பழ நிறமாக இருந்தது வெளியே கொஞ்சம் பச்சை தட்டும். உள்ளே அச்சாகப் பொருந்திய ரவிக்கைத் துணி வெளியே வந்ததும் ஒட்டாமல் தனித்து நிற்கும்.

சாயம் அதேதான், பார்க்கிற கண்ணும் அதேதான், விளக்கு மட்டும்தான் மாறியது. பழியை விளக்கின் மேல் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி கண்ணுக்குள் இருக்கிறது. நிறம் பார்ப்பதற்கென்று விழித்திரையில் இருப்பவை மூன்றே மூன்று நிறமிகள். குங்குமம், மயில்கழுத்து, வாடாமல்லி, அரக்கு, வெங்காயத் தோல் என்று ஜவுளிக்கடையில் சொல்கிற அத்தனை நிறமும் அந்த மூன்றின் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றில் எதைத் தனியாக எடுத்தாலும் அதற்கு நிறம் என்பதே தெரியாது.

வளைந்தது நிமிரும்

நிறமி என்பது ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகிற பொருள். மஞ்சள்தூள் நீல ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி விடுகிறது. அந்த மிச்சம்தான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. கண்ணில் உள்ள நிறமியும் இப்படி விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் விழுங்கியதோடு சும்மா இருப்பதில்லை, உருவம் மாறுகிறது. பார்வை தொடங்குவது அந்த உருவ மாற்றத்தில்தான்.

விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் முக்கியமாக இரண்டு வகை. கோல் செல்கள் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 12 கோடி, மங்கலான ஒளிக்கானவை. கூம்பு செல்கள் ஏறக்குறைய 60 லட்சம். பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை. கோல்களில் உள்ள நிறமி ரொடாப்சின். கூம்புகளில் மூன்று வகை உண்டு, வகைக்கு ஒரு நிறமி. ஒன்று 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை அதிகம் விழுங்கும். இன்னொன்று 530ஐ ஒட்டி. மூன்றாவது 560ஐ ஒட்டி. இவற்றை நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று சொல்லிக்கொடுப்பது பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 560 நானோமீட்டர் ஒளியைத் தனியாகக் காட்டினால் அது சிவப்பாகத் தெரியாது, பச்சை கலந்த மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் இங்கே வானொலிக்காரர்கள் பாணியில் சிற்றலைக் கூம்பு, நடுவலைக் கூம்பு, நெட்டலைக் கூம்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான்கு நிறமிகளுக்கும் கட்டமைப்பு ஒன்றே. ஆப்சின் என்ற பெரிய புரதம். செல் சவ்வுக்குள் ஏழு முறை மேலும் கீழுமாக ஊடுருவிக் கிடக்கும். அதன் நடுவில் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு பிணைந்திருக்கும். ஒளியை வாங்குவது ரெட்டினால். இருட்டில் அது ஓரிடத்தில் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒளித்துகள் ஒன்றை விழுங்கியதும் அந்த வளைவு நிமிர்ந்துவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோவினாடி, அதாவது ஒரு வினாடியை ஐந்து லட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு. பார்ப்பது என்ற காரியத்தில் ஒளிக்கு உள்ள வேலை அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வேதியியல்.

நிமிர்ந்த ரெட்டினாலுக்கு ஆப்சினுக்குள் பழைய இடம் போதாது, ஆப்சினும் நெளிகிறது. நெளிந்த ஆப்சின் பக்கத்தில் உள்ள புரதங்களை ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கிவிட, செல்லின் சுவரில் திறந்திருந்த அயனி வாசல்கள் மூடிக்கொள்கின்றன. இங்கே ஒரு தலைகீழ் விஷயம். இந்தச் செல்கள் இருட்டில்தான் ஓயாமல் வேதிச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்; ஒளி பட்டால் செய்தி குறையும். அந்தக் குறைவைத்தான் மூளை வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கிறது.

எல்லா நிறமியிலும் ஒரே ரெட்டினால்தான் என்றால், வெவ்வேறு அலைநீளங்களை அவை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? தனியாக விட்டால் ரெட்டினால் விழுங்குவது சுமார் 380 நானோமீட்டரை. அது கிட்டத்தட்ட புறஊதா. ஆப்சினோடு பிணைந்ததும் அந்த இடம் நெட்டலைப் பக்கம் நகர்கிறது. எவ்வளவு நகர வேண்டும் என்பதை ரெட்டினாலைச் சுற்றி அமைந்த அமினோ அமிலங்கள் தீர்மானிக்கின்றன. நெட்டலை ஆப்சினும் நடுவலை ஆப்சினும் ஆளுக்கு 364 அமினோ அமிலங்கள் கொண்டவை. அவற்றில் வேறுபடுபவை சுமார் 15தான். அதிலும் 180, 277, 285 ஆகிய மூன்று இடங்களில் உள்ள மாற்றமே 530க்கும் 560க்கும் நடுவில் உள்ள தூரத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவருகிறது. சிவப்புக் கொடிக்கும் பச்சை இலைக்கும் நாம் காண்கிற பேதம் இந்தச் சில எழுத்து வித்தியாசத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

செம்பனையிலிருந்து கண்ணுக்கு

ரெட்டினாலை உடம்பு சுயமாகச் செய்துகொள்ள முடியாது. வைட்டமின் ஏயிலிருந்து எடுக்க வேண்டும். அந்த வைட்டமின் சாப்பாட்டில் வர வேண்டும். ஈரல், முட்டை, பால் ஆகியவற்றில் நேரடியாக இருக்கிறது. செடிகளில் கரோட்டின் வடிவில் இருக்கிறது: முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், பூசணி, கேரட். பீட்டா கரோட்டின் மூலக்கூறு ஒன்றை நடுவில் வெட்டினால் கிடைப்பவை இரண்டு ரெட்டினால்கள். குடலில் உள்ள ஒரு நொதி அந்த வெட்டைத்தான் போடுகிறது.

மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு கரோட்டினைப் பற்றிப் பேசினால் செம்பனையைத் தவிர்க்க முடியாது. இங்கே தமிழ்க் குடும்பங்களில் தோட்ட வாழ்க்கையோடு தொடர்பில்லாதவை குறைவு. பால்மரக் காட்டில் தொடங்கி, பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அதற்கு மாறியவர்கள் பலர். பழுத்த குலையின் அந்தச் செம்மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. ஆலையில் பிழிந்த சுத்திகரிக்காத எண்ணெயில் பத்து லட்சத்துக்கு 500 முதல் 700 பங்கு வரை கரோட்டின் இருக்கும். அடர்ந்த சிவப்பாக இருக்கும் அந்த எண்ணெய். பிறகு களிமண் கொண்டு வெளுத்து, 240 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாடை நீக்கும்போது கரோட்டின் போய்விடுகிறது. கடையில் நாம் வாங்குவது அந்த வெளுத்த தங்கநிற எண்ணெய். மேற்கு ஆப்பிரிக்காவில் சிவப்பாகவே சமையலில் சேர்க்கிறார்கள். நம் ஊரில் குலை வெட்டுகிறவர் நிறத்தைப் பார்த்துப் பக்குவம் சொல்கிறார், ஆலைக்காரர் அந்த நிறத்தை எடுத்து எறிகிறார். வியாபாரக் காரணம் புரிகிறது, இருந்தாலும் யோசித்தால் கொஞ்சம் உறுத்தும்.

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் அடி வாங்குவது இரவுப் பார்வை. கோல்களில் ரொடாப்சின் போதுமான அளவு இருக்காது. பகலில் ஓடியாடுகிற குழந்தை அந்தி சாய்ந்ததும் தடுமாறும். மாலைக்கண் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஈரல் கொடுத்தால் சரியாகும் என்று பழங்காலத்திலேயே பல நாட்டு வைத்தியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காரணம் தெரியத்தான் நாளாயிற்று. 1876இல் ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர், இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரை செக்கச்செவேலென்று இருப்பதையும், வெளிச்சம் பட்டதும் அது வெளுத்துப்போவதையும் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் வில்ஹெல்ம் கூனே அந்தச் சிவப்புப் பொருளைக் கரைத்துப் பிரித்தெடுத்தார். 1930களில் ஜார்ஜ் வால்ட் விழித்திரைக்குள் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்து, வெளுப்பதும் மறுபடி நிறம் ஏறுவதும் ஒரு சுழற்சி என்று காட்டினார். அதற்காக அவருக்கு 1967இல் நோபல் பரிசு, மற்ற இரண்டு பேரோடு சேர்த்து.

அந்தச் சுழற்சியை நாம் தினமும் அனுபவிக்கிறோம். நிமிர்ந்துபோன ரெட்டினால் ஆப்சினை விட்டுக் கழன்று, விழித்திரைக்குப் பின்னால் உள்ள செல் அடுக்குக்குப் போய், அங்கே மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. வெயிலிலிருந்து இருட்டான சினிமா கொட்டகைக்குள் நுழைந்தால் நாற்காலி தெரியாமல் முழிப்பது இந்த வேலை முடியாததால்தான். கூம்புகள் சுமார் 10 நிமிடத்தில் தேறிவிடும். கோல்கள் முழுதாகத் தயாராக அரை மணிக்கு மேல் ஆகும்.

உண்டியலுக்குத் தெரிவது எண்ணிக்கை மட்டும்

இப்போது தலைப்புக்கு வருவோம். நடுவலைக் கூம்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 530 நானோமீட்டர் ஒளியை அது நன்றாக விழுங்கும், 600ஐக் குறைவாக விழுங்கும். ஆனால் விழுங்கிவிட்ட பிறகு நடப்பது ஒன்றேதான்: ரெட்டினால் நிமிர்கிறது. 530ஆல் நிமிர்ந்தது ஒரு மாதிரி, 600ஆல் நிமிர்ந்தது வேறு மாதிரி என்று கிடையாது. மங்கலான 530 ஒளியும் பிரகாசமான 600 ஒளியும் ஒரே எண்ணிக்கையில் மூலக்கூறுகளை நிமிர்த்த முடியும். அப்படி ஆனால் அந்தக் கூம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் வைக்கிற உண்டியலைப் போல என்று சொல்லலாம். காசு உள்ளே விழுந்த பிறகு, போட்டவர் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று உண்டியலுக்குத் தெரியாது. எவ்வளவு சேர்ந்தது என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் மூன்று வழிகளில் மூன்று உண்டியல் வைத்திருந்தால்? யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் போடலாம், இருந்தாலும் வழியில் முதலில் படுவதில்தான் கூடுதலாகப் போடுவார்கள். இரவு மூன்றையும் எண்ணி ஒப்பிட்டால், கூட்டம் பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஊகித்துவிடலாம். மொத்தத் தொகை வெளிச்சத்தின் அளவு. மூன்றுக்கும் உள்ள விகிதம் நிறம்.

இந்த ஒப்பீட்டு வேலை மூளையில்தான் தொடங்குகிறது என்று நினைக்க வேண்டாம், விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. நெட்டலைக்கும் நடுவலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கூட்டம் நரம்புச் செல்கள் கணக்கிடுகின்றன. சிற்றலையை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையோடு இன்னொரு கூட்டம் ஒப்பிடுகிறது. சிவப்பு கலந்த பச்சை என்று ஒரு நிறத்தை நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாததற்கு இதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது: ஒரே தராசின் இரண்டு தட்டும் ஒரே சமயத்தில் தாழ முடியாதே.

மூன்று எண்களில் எல்லாம் முடிந்துவிடுவதால் கண்ணை ஏமாற்றுவதும் சுலபம். தைப்பூசத்தில் மஞ்சள் உடுத்தி வருகிறவர்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறோம். உண்மையான மஞ்சள் துணியிலிருந்து பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அலைநீளங்கள் எல்லாம் வருகின்றன. தொலைபேசித் திரையில் மஞ்சள் ஒளி தருகிற புள்ளியே கிடையாது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் சேர்ந்து எரிகின்றன, அவ்வளவுதான். மூன்று கூம்புகளிலும் அதே விகிதம் வந்துவிடுவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. காது இப்படி ஏமாறாது. இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் நடுவில் உள்ள மூன்றாவது சுரமாக யாருக்கும் கேட்பதில்லை.

வெள்ளை எல்இடி விளக்கும் இதே தந்திரம்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1970களிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எல்இடி செய்கிறவையும் அவற்றில் உண்டு. வீட்டில் எரிகிற வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பொடி நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக மாற்றித் தருகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் மூன்று கூம்புகளையும் வெயில் தூண்டுகிற அதே விகிதத்தில் தூண்ட, வெள்ளை என்கிறோம். ஆனால் இந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பும் நீலப்பச்சையும் குறைவு. வெள்ளைச் சுவரை மட்டும் பார்த்தால் இது தெரியாது. நிறத் துணி வந்தால் தெரியும்: விளக்கில் இல்லாத அலைநீளத்தைத் துணி எப்படித் திருப்பி அனுப்பும்? இரண்டு சாயங்கள் கடை விளக்கில் மூன்று எண்களிலும் ஒத்துப்போய், வெயிலில் பிரிந்துபோவது இதனால்தான். வாசலுக்குப் புடவையைக் கொண்டு போகிற அம்மாக்கள் செய்வது சரியான பரிசோதனை. நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் விளக்கு என்று கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. அவற்றில் பொடிக் கலவை வேறு.

விடியுமுன் தண்ணீர்மலைப் படியேறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். தெருவிளக்கு எட்டாத இடத்தில் செம்பருத்திப் பூ கறுப்பாகத் தெரியும், அதன் இலை பூவைவிட வெளிறித் தெரியும். வெளிச்சம் வந்ததும் பூ சுடர்விடும், இலை பின்னால் போய்விடும். கோல்களின் ரொடாப்சின் 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அதிகம் வாங்கும். ஆழ்ந்த சிவப்பு அதற்கு ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். இருட்டில் வேலை செய்வது அந்த ஒரு நிறமி மட்டும்தான். ஒப்பிட ஆளில்லை, அதனால் நிறமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் யான் புர்கின்யே என்ற செக் நாட்டவர் விடியற்காலைப் பூக்களைப் பார்த்து இதை எழுதிவைத்தார்.

தாய்மாமன் கண்

மூன்று நிறமிகள் இருக்கும் என்று முதலில் சொன்ன தாமஸ் யங், ஒரு நிறமியையும் பார்த்ததில்லை. 1802இல், விழித்திரையில் ஒவ்வொரு புள்ளியிலும் எல்லா நிறத்துக்கும் தனித்தனி உறுப்பு இருக்க இடமேது, மூன்று வகை போதும் என்று வாதாடினார். சுத்தமான ஊகம்தான். அது மரபணுவில் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜெரமி நேதன்ஸும் அவர் குழுவும் மூன்று ஆப்சின்களின் மரபணுக்களையும் பிரித்தெடுத்தார்கள். அதற்கு நேதன்ஸ் தன்னுடைய டிஎன்ஏவையே பயன்படுத்திக்கொண்டார்.

சிற்றலை ஆப்சினின் மரபணு 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நெட்டலை, நடுவலை இரண்டும் எக்ஸ் குரோமோசோமின் ஓரத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கையில் தவறான இடத்தில் பொருந்திவிடுகின்றன. ஒரு பக்கம் மரபணு குறையும், மறுபக்கம் கூடும், சில சமயம் பாதி நெட்டலையும் பாதி நடுவலையுமாக ஒட்டுப்போட்ட மரபணு வரும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குழப்பம் இத்தனை பேரிடம் இருக்க இதுவே காரணம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு இது உண்டு; ஆசிய ஆண்களில் அதைவிடக் குறைவு.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து. பையனுக்கு நிறக்குழப்பம் என்றால் அப்பா பக்கம் தேடிப் பயனில்லை. தாய்மாமனையும் அம்மாவைப் பெற்ற தாத்தாவையும் கேட்க வேண்டும். மாமனுக்கு மருமகன் மேல் உள்ள உரிமைகளில் இதுவும் ஒன்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பெண்ணுக்கு வருவது அபூர்வம்: அப்பாவுக்கும் குறை இருக்க வேண்டும், அம்மாவிடமிருந்து வரும் எக்ஸிலும் குறை இருக்க வேண்டும். அந்த அபூர்வம் கொஞ்சம் குறைவது அக்கா மகளைக் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில். மாமனுக்கு வந்த அதே எக்ஸ், அக்கா வழியாக மணப்பெண்ணுக்கும் வந்திருக்க வாய்ப்பு உண்டு. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடை செய்தபோதும், இந்துக்களின் இந்த மாமன் மருமகள் வழக்கத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. இன்றைக்கு அப்படிக் கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நம் வீடுகளில் இது தெரியவருவது பெரும்பாலும் தாமதமாகத்தான். எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வை முடித்து, மின்சாரம் சார்ந்த படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது நிறக்குருடு இருக்கக்கூடாது என்ற நிபந்தனை வரும்; மருத்துவப் பரிசோதனையில் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் உருவாக்கிய அட்டைகள் அவை. அதுவரை அந்தப் பையன் தன் கண்ணில் எதுவும் குறை என்று நினைத்திருக்க மாட்டான். இலை பச்சை, ரத்தம் சிவப்பு என்று பெயர்களைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பான். வெயிலும் நிழலும் வடிவமும் பழக்கமும் அவனுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன.

இதை முதலில் விரிவாக எழுதியவரும் 26 வயதுவரை கவனிக்காமல்தான் இருந்தார். அணுக் கொள்கைக்குப் பேர்போன ஜான் டால்டன். பகலில் அவருக்கு வான்நீலமாகத் தெரிந்த ஒரு ஜெரேனியப் பூ, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பு சாயலாக மாறியது. மற்றவர்கள் அப்படி எதுவும் மாறவில்லை என்றார்கள், அவருடைய சகோதரரைத் தவிர. 1794இல் மான்செஸ்டர் அறிஞர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும், அது சிவப்பை வடிகட்டிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. செத்த பிறகு கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். 1844இல் அவர் இறந்ததும் மருத்துவர் திறந்து பார்த்தார். திரவம் தெளிந்த நீராக இருந்தது. கண்ணின் மிச்சத்தை யாரோ புண்ணியவான்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். 1995இல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: நடுவலை ஆப்சினின் மரபணு அவரிடம் இல்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு மனிதரின் கேள்விக்கு அவர் கண்ணிலிருந்தே பதில் எடுத்ததைப் போல நிறைவான ஆராய்ச்சி அறிவியலில் அதிகம் இல்லை என்பேன்.

மாந்தளிர் தெரிகிற கண்

இரண்டு நிறமிகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு வரலாறு உண்டு. நாய், மாடு, பூனை போன்ற பெரும்பாலான பாலூட்டிகளுக்குக் கூம்பு நிறமி இரண்டுதான். ஆசியா, ஆப்பிரிக்காக் குரங்குகளின் மூதாதை ஒன்றிடம், சுமார் 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஆப்சின் மரபணு இரட்டிப்பாகி, ஒன்றின் ஆப்சின் விழுங்கும் அலைநீளம் கொஞ்சம் நகர்ந்துகொண்டது. அந்த நகர்வுதான் நமக்கு வந்த மூன்றாவது நிறமி.

அது எதற்குப் பயன்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பச்சை இலைகளுக்கு நடுவில் பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க என்பது ஒரு கட்சி. தளிரைக் கண்டுபிடிக்க என்பது இன்னொன்று. பினாங்கின் கொடிமலையிலும் தாவரவியல் தோட்டத்திலும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு திரிகிற லோத்தோங் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கட்சி பிடித்துப்போகும். அவற்றின் சாப்பாட்டில் பெரும்பங்கு இலை. அதிலும் இளசாகப் பார்த்துப் பறிக்கும். இந்த வெப்பமண்டலக் காட்டில் பல மரங்களின் தளிர், மாந்தளிரைப் போல, செம்பு நிறத்தில் வரும். முற்றிய இலையைவிட அது மென்மை, புரதமும் கூட. இரண்டு நிறமி மட்டும் உள்ள விலங்குக்கு அந்தச் செம்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்று. மூன்று உள்ளதற்கு மரத்தில் தளிர் பளிச்சென்று தனித்து நிற்கும். பழம் எல்லா மாதமும் இருக்காது. பஞ்ச காலத்தில் தளிர்தான் காப்பாற்றும் என்பது இவர்கள் வாதம். எனக்கு இது வலுவாகப் படுகிறது, ஆனால் பழக்கட்சியை ஒதுக்கிவிடுவதற்கு இது போதாது.

நிறமி கூடுவது மாதிரி குறையவும் செய்யும். இதே மலேசியக் காட்டில் இரவில் நடமாடும் தேவாங்கு இனம் சிற்றலை ஆப்சினை இழந்துவிட்டது. மரபணு இருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை. இருட்டில் வாழ்கிற உயிருக்கு அதனால் நஷ்டமில்லை.

இல்லாத நிறமியைக் கொண்டுவர முடியுமா? தென் அமெரிக்க அணில் குரங்குகளில் ஆண்களுக்கு எல்லாம் இரண்டு நிறமிதான். அமெரிக்காவில் ஜே நெய்ட்ஸ், மோரீன் நெய்ட்ஸ் குழுவினர், வளர்ந்த ஆண் குரங்குகளின் விழித்திரைக்குள் மனித நெட்டலை ஆப்சினின் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி அனுப்பினார்கள். 2009இல் முடிவு வெளியானது: பிறந்ததிலிருந்து சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத குரங்குகள் பிரித்தறிந்தன. ஒரு குரங்குக்கு டால்டன் என்றே பெயர் வைத்திருந்தார்கள். மூளையில் எதையும் தொடவில்லை. ஒப்பிடுவதற்கு இன்னொரு எண் கிடைத்ததும், இருந்த நரம்புகளே அதைப் பயன்படுத்திக்கொண்டன. மனிதர்களுக்கு இந்தச் சிகிச்சை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

அதற்குள் இணையத்தில் நிறக்குருட்டுக் கண்ணாடி விற்பனை அமர்க்களப்படுகிறது; போட்டதும் அழுகிற காணொளிகள் வேறு. அந்தக் கண்ணாடி நடுவலையும் நெட்டலையும் பெரிதும் ஒன்றுடன் ஒன்று கலக்கிற இடத்து ஒளியை வடிகட்டுகிறது. இரண்டு நிறமியும் இருந்து, ஒன்று நகர்ந்துபோனவர்களுக்குச் சில நிறங்கள் எடுப்பாகத் தெரியலாம். ஒரு நிறமி அடியோடு இல்லாதவருக்கு அது மூன்றாவது எண்ணைத் தராது. பழைய இரண்டு எண்களைத்தான் மாற்றும். வாங்குவதற்கு முன் கண் மருத்துவரிடம் போய் எந்த வகை என்று பார்த்துக்கொண்டால் சில நூறு ரிங்கிட் மிச்சமாகலாம்.